எதிர்ப்பெட்டி

மைரிங்கனில் முதல் பெட்டி ஆறு நாற்பதுக்கு.
பாணும் பாலும்
முன்னூற்றறுபது முட்டையும் நானும்.
மேலே ஹோட்டலில் இராவேலை முடித்து
அதே ஆறு நாற்பதுக்கு
குகநேசன் இறங்குவார்,
அழுக்குத் துவாய் மூட்டைகளோடு.

ஒரே வடம்தான்.
ஒரு பெட்டி விழ நினைக்கிற நினைப்பில்
மற்றப் பெட்டி ஏறுகிறது.
துவாய் கனக்கிற நாளில் மோட்டருக்குச் சுகம் என்று
இயந்திர அறை ரேட்டோ சொல்லுவான்.
அப்படியென்றால் இந்த ஏழு வருடமாய்
என்னை மலைக்குத் தூக்குவது
இவருடைய களைப்பும்தான்.

மூன்றாம் தூணுக்கும் நாலாம் தூணுக்கும் நடுவில்
இரண்டு பெட்டியும் அருகருகே வரும்.
நாலு செக்கன்.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நாலு செக்கனுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது.
பொத்திய கை: யதுரா இன்னும் நித்திரை.
விரித்த கை: எழும்பிவிட்டாள், கோபத்தில் இருக்கிறாள்.
நெஞ்சில் தட்டினால், திறப்பு சப்பாத்துக்குள்.
நீளமான செய்தி என்றால்
தூண் தாண்டும்போதே கண்ணாடியில் மூச்சுவிட்டு
எழுத்தை இடம்வலம் மாற்றி எழுதுவார்,
எனக்கு நேராய்த் தெரியட்டும் என்று.
'பல்லு டொக்டர் நாலு மணி.'
ப மட்டும்தான் எந்தப் பக்கத்தாலும் ப.
மிச்சமெல்லாம் பழகியது.

மலையும் மலைசார்ந்த இடமும்
சேர்தலுக்கு உரியது என்று
ஆண்டு பத்தில் பாடமாக்கினேன்.
எத்தனை செக்கன் என்று அங்கே போடவில்லை.

போன புரட்டாதி, ஒரு வியாழன்.
சூரியன் வருவதைப் பார்க்க டிக்கெட் எடுத்த
முப்பது பேர் என்னோடு.
காற்று.
பெட்டி ஒருதரம் குலுங்கி, அந்த இடத்திலேயே நின்றது.
ஒலிபெருக்கி மூன்று பாஷையில் சொன்னது:
பயப்பட ஒன்றுமில்லை.
கீழே எட்டிப் பார்த்தேன்.
இருநூறு மீட்டருக்கு, ஒன்றுமில்லை.

எதிரே ஒரு லொறி போகிற இடைவெளியில்
அவர்.

கையைப் பொத்திக் காட்டினேன். தலையாட்டினார்.
நெஞ்சில் தட்டினேன். தலையாட்டினார்.
அதற்குப் பிறகு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.
அவர் துவாய் மூட்டையைப் பார்த்தார்,
நான் முட்டைத் தட்டைப் பார்த்தேன்,
கலியாண எழுத்தன்று கந்தோர் வாங்கில்
பக்கத்தில் பக்கத்தில் இருந்த மாதிரி.

ஏழாம் நிமிடம்
நின்றபடியே நித்திரையானார்,
நெற்றி கண்ணாடியில்.

அந்த நேரம் பார்த்து மறுபக்கம் முகில் விலகியது.
கெல்ப்ஷ்டொக் முழுசாக,
உச்சியில் இருந்து செம்மஞ்சள் வழிந்தபடி.
முப்பது பேரும் அங்கே பாய்ந்தார்கள்.
பெட்டி சரிந்தது.
வழுக்கிய தட்டைக் காலால் அணைத்துப் பிடித்தேன்.
சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர்
என் தோளைத் தொட்டு, மெத்தப் பணிவாய்ச் சொன்னார்:
'நீங்கள் பிழையான பக்கம் பார்க்கிறீர்கள்.'

ஓம், என்றேன்.

இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டு.
எப்போது பட்டது?
தாடியில் நரை ஒரு பக்கம் மட்டும்.
சேட்டின் இரண்டாம் பொத்தான்
வேறு நிற நூலால், அவரே தைத்திருக்கிறார்.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.
அந்த மூச்சில் கண்ணாடி
வெளுத்தது, தெளிந்தது, திரும்ப வெளுத்தது,
ஒரு எழுத்தும் இல்லாமல்.

இருபத்துமூன்று நிமிடம்.
பிறகு வடம் இழுத்தது.
அவர் கண் திறக்கவில்லை.
நித்திரையிலேயே
என்னை மேலே ஏற்றிவிட்டு இறங்கிப் போனார்.

மேல் நிலையத்தில் மன்னிப்புக் கேட்டு
ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள்:
உச்சி உணவகத்தில் ஒரு கோப்பி இலவசம்.
வரிசையில் நின்ற எனக்கும் ஒன்று.

எட்டு முட்டை உடைந்திருந்தது.
ஏப்ரனைக் கட்டிக்கொண்டு
முப்பது கோப்பி போட்டேன்.
சிவப்புத் தொப்பிக்காரர் தன் போனில்
மலையை எனக்குக் காட்டினார், பாவம், நான் தவறவிட்டதாய்.

என்னுடைய துண்டு
இன்னும் ஏப்ரன் பைக்குள் கிடக்கிறது.
ஒருதரம் தோய்பட்டுவிட்டது.